முப்பத்தெட்டு கிலோபைட்

வூச் நகர ட்ராம் பணிமனையில் இரவு முறை முடிந்து
காலணியைக் கழற்றுமுன் கணினியைத் தட்டுகிறேன்.
விசிறி இருமிவிட்டுச் சுழல்கிறது.

ரீப்ளே கோப்புறையில் இருநூற்றுப் பதினான்கு ஆட்டங்கள்.
இருநூற்றுப் பதிமூன்றில் ஜெயித்தவன் க்னியெவ்கோ.
அவற்றுக்கெல்லாம் தேதிதான் பெயர்.
மிச்சம் ஒன்றுக்கு மட்டும்
"அழிக்காதே" என்று பெயர்.

அவன் மூன்றாம் மாடி, நான் நான்காம் மாடி.
சன்னல் வழியே ஒரு நீலக் கேபிளை இறக்கியிருந்தோம்.
ஜனவரியில் அதன்மேல் பனி காய்த்துத் தொங்கும்.
குடியிருப்புச் சங்கம் இரண்டு கடிதம் அனுப்பியது.
ஆளுக்கொன்றாய் மவுஸுக்கு அடியில் விரித்துக்கொண்டோம்.

ஆட்டம் முடிந்ததும் "சேமிக்கவா?" என்று கேட்கும்.
தோற்றவர்தான் ஆம் சொல்ல வேண்டும்,
இது எங்கள் சட்டம்.
ஜெயித்தவருக்குச் சாட்சி எதற்கு என்பான்.
ஆகவே ஐந்து குளிர்காலம் நானே எழுத்தர்.
ஒரே ஓர் இரவு அவன் பென் டிரைவோடு
வெறுங்காலில் படியேறி வந்தான்,
பெயரும் அவனே வைத்து.

வெகுகாலம் அதைப் படம் என்றே நினைத்திருந்தேன்.
படமில்லை.
முப்பத்தெட்டு கிலோபைட்டில் ஒரு முகம்கூட அடங்காது.
உள்ளே இருப்பவை ஏவல்கள்,
எந்த நொடியில் யார் எங்கே க்ளிக் செய்தோம் என்று.
குதிரை இல்லை, "குதிரையே போ" உண்டு.
கோட்டை இல்லை, "இங்கே கட்டு" உண்டு.
மீதியை ஆட்டமே ஒவ்வொரு முறையும்
முதலிலிருந்து நடத்திக் காட்டும்.

ஸ்டவாங்கரில் கப்பல் வெல்டிங் வேலைக்கு அவன் போய்
இரண்டு வருடம்.
அதற்குள் ஆட்டம் ஏழு முறை தன்னைப் புதுப்பித்திருக்கிறது.
"பழைய பதிப்பு, பிசகலாம்" என்றது திரை.
சரி என்று அழுத்தினேன்.
படிக்காமல் சரி சொல்வது என் கையின் பழக்கம்.

நான்கு நிமிடம் பிசகில்லை.
என் மரவெட்டிகள் மரம் வெட்டினார்கள்.
ஐந்தாவதில், சாக வேண்டிய ஈட்டிக்காரன் ஒருவன்
சாகவில்லை.
எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ
ஈட்டியின் நீளத்தை அரை விரற்கடை கூட்டியிருக்கிறார்கள்,
அவ்வளவுதான்.

அவன் பிழைத்தான், பாலம் விழவில்லை.
லாயம் எழவில்லை, குதிரைகள் பிறக்கவில்லை.
பத்தாம் நிமிடம் என் படை
வெறும் கோதுமை வயலைச் சுற்றி வளைத்து
ஆவேசமாய்த் தாக்கிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு அங்கே அவன் கோட்டை இருந்தது.
அதே விரல், அதே நொடி.
என் வாழ்நாளின் ஒரே சாமர்த்தியம்
பித்துப் பிடித்ததுபோல் தெரிந்தது.

அரட்டை மட்டும் பிசகவே இல்லை.
என் தலைநகர் எரிகையில் மூலையில் அவன் எழுத்து:
"எப்படிக் கண்டுபிடித்தாய்? மறைவாகத்தானே வந்தேன்!"
என் கடைசி மரவெட்டி காட்டுக்குள் ஓடுகையில்:
"போதும் டோப்ரோஹ்னா, ராஜாவாவது மிஞ்சட்டும்."

இருபத்தோராம் நிமிடம்
ஒரு கல்லும் பெயராத அவன் கோட்டையின் மேல்
வெள்ளைக் கொடி ஏறியது.
நானூறு வீரர்கள் வாளைக் கீழே போட்டார்கள்.
சரணடைவதும் ஓர் ஏவல்தான்,
அதுவும் கோப்பில் இருந்தது.
"வெற்றி: டோப்ரோஹ்னா."
எனக்கு மிஞ்சியது சாம்பலும் அந்த மரவெட்டியும்.
அவன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான்.

சிரித்தேன். மேலே குடியிருப்பவர் தரையைத் தட்டினார்.

பழைய பதிப்பு நிலவறையில் ஒரு தகட்டில் இருக்கிறது.
இறங்கிப் போகவில்லை.
திரையைப் பதிவு செய்யும் நிரலைத் திறந்து
மறுபடி ஓடவிட்டேன், பிசகு உட்பட.
யார் தோற்றோமோ,
சேமிப்பது இந்த முறையும் நான்தான்.

கேபிளை யாரும் அவிழ்க்கவில்லை.
கீழ்முனையில் செவெரினா அம்மாள்
சிட்டுகளுக்குக் கொழுப்புருண்டை கட்டியிருக்கிறார்.
ஏதோ ஒன்று கொத்துகிறது போலும்,
என் சன்னல் சட்டத்தில் லேசான அதிர்வு.

முப்பத்தெட்டு கிலோபைட் இப்போது இரண்டு ஜிகாபைட்.
ஸ்டவாங்கர் போய்ச் சேர நாற்பது நிமிடம் என்கிறது.
அதற்குள் தூங்கிவிடுவேன்,
ஒரு காலில் காலணியோடு.