மூன்று பிரதிகள்

"எந்த பிளேயர்ல ஓடணும்?" என்றார் ரவூஃப் பாய்.
நரசிங்கபுரம் தெரு, முழங்கை அகலக் கடை.
நடுக்குச்சியில் கோத்த ஐம்பது தட்டுகள்
ஊதா முதுகைக் காட்டிக்கொண்டு.

கோர்ட்ல.

"கோர்ட்ல என்ன கம்பெனி?"

அதை யாரிடம் கேட்பது?
டவாலியிடமா?

பிளஸ் என்று ஒன்று, மைனஸ் என்று ஒன்று.
பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்.
பழைய பிளேயர் மைனஸைத்தான் படிக்குமாம்,
பிளஸைப் போட்டால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு
தட்டே இல்லை என்று சொல்லிவிடுமாம்.
கையில் வைத்துக்கொண்டே.

பதினெட்டு ரூபாயா பன்னிரண்டு ரூபாயா என்றதற்கு
பன்னிரண்டு என்று வாய் வந்தது.
"கேஸுக்குன்னா பதினெட்டு எடும்மா.
ஸ்பீடைக் குறைச்சு மெதுவா போடச் சொல்லு."

மூன்று வேண்டும்.
நீதிபதிக்கு ஒன்று, வக்கீலுக்கு ஒன்று,
எதிர்தரப்புக்கு ஒன்று.

பக்கத்துக் கடைப் பையன் காப்பி போட்டான்.
நாற்பத்தோராவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னேன்.
வியாசர்பாடி மண்டபம், சீர் வரிசை.
கேமரா நகர்கிறது:
பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு ரெண்டு,
வளையல் தட்டு மேல் யாரோ ஒருத்தியின் முழங்கை,
கட்டில் காலருகே
சிவப்பு ரிப்பன் கட்டிய அட்டைப்பெட்டி.

"ஃபைனலைஸ் பண்ணிடவா அக்கா?
அப்புறம் எதுவும் சேர்க்க முடியாது.
பண்ணலேன்னா வேற எதுலயும் ஓடாது."

பண்ணு என்றேன்.
நாலு நிமிடம் ஆனது.
அதற்குள் ஒரு டீ குடித்தேன், சர்க்கரை ஜாஸ்தி.

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறி
கோட்டை ஸ்டேஷன் வருவதற்குள்
மூன்றையும் தொடையில் வைத்து
மார்க்கர் பேனாவால் எழுதினேன்.
மேகலா, மனுதாரர்.
மை காயாமல் ஒன்றில் என் பெயர் இழுபட்டது.
அதை எதிர்தரப்புக்கு ஒதுக்கினேன்.

அப்போதுதான் உறைத்தது.
பாய் கேட்ட கேள்விக்கு
ஒரு வீட்டைப் பொறுத்தவரை எனக்குப் பதில் தெரியும்.
கொளத்தூர், இரண்டாவது மாடி, டிவிக்குக் கீழே.
வெள்ளி நிறம். மைனஸ் மட்டும்.
திறக்காவிட்டால் இடது ஓரத்தில் லேசாக ஒரு தட்டு.
ரிப்பன் கட்டிப் போன பெட்டி.
தவணையில் வாங்கியது,
கடைசி இரண்டு தவணையை
அங்கே போனபிறகும் நான்தான் கட்டினேன்.

வக்கீல் அறையில்
சீர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன்.
முப்பது வரி.
வெள்ளிக் குங்குமச்சிமிழ் கூட இருந்தது.

"சார், இன்னொண்ணு சேர்க்கணும்."
"என்னம்மா?"
"அவங்க இந்த சிடியைப் போட்டுப் பார்ப்பாங்கல்ல,
அந்த பிளேயர்."