பதினோராவது மீட்டர்

பதினோராவது மீட்டரில்
விரலுக்கு மெத்தென்று பட்டது.
உறை கிழியவில்லை, நூல் பிரியவில்லை,
பார்வைக்குப் புதுக்கயிறு.
உள்ளே மட்டும் ஏதோ
பதில் சொல்வதை நிறுத்தியிருந்தது.

பள்ளத்தூர் வீட்டின் இரண்டாம் கட்டுக்கு மேல்
சாய்ந்து நிற்கிறது தூங்குமூஞ்சி மரம்.
ஓடு உடைந்தால் கூலியில் பிடிப்பேன் என்று
எண்ணி நோட்டில் எழுதிவிட்டார் கணக்கப்பிள்ளை.
எங்கள் இரண்டு பேரை
அந்தப் பக்கத்தில் சேர்க்கவில்லை.

கிளை இறக்க ஒரு கயிறு,
ஆள் தொங்க ஒரு கயிறு.
இது அதுவாகாது. அவசரத்துக்கும் ஆகாது.
அடிமரத்தில் மூன்று சுற்றுப் போட்டு
கிளையின் கனத்தைக் கீழே நான் வாங்குவேன்.
கையுறைக்குள்ளும் சுடும்.
கிடக்கிற சுருளுக்குள்
கால் போய்விடக் கூடாது.

இந்தக் கயிறு ஆள் கயிறு.

கத்தியை எடுத்தேன்.
"ஆறாயிரம் ரூபாடா!"
கத்தியது செபஸ்தியான்,
இடுப்பு வாரை மாட்டியபடி.
ஏறவேண்டியவன் அவன்தான்.

இரண்டாக வெட்டினால்
எவனாவது முடிந்துபோட்டு ஏறுவான்.
முழம் முழமாக நறுக்கினேன்.
கேட்டுக் கதவைக் கட்ட
கணக்கப்பிள்ளை ஒரு துண்டு கேட்டார்.
கொடுத்தேன், அதற்குத் தாங்கும்.

அன்றைக்கு ஒரு கிளையும் இறங்கவில்லை.
காரைக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம்.
செபஸ்தியான் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.
கோட்டையூர் வளைவில் பஸ் சாய்ந்தபோது
மேல்கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தவன்
மற்ற கையையும்
மெதுவாகக் கொண்டுவந்து போட்டான்.