ருஸ்தாவி, பால்கனி, பன்னிரண்டு வோல்ட்

ஜும்பெரின் மினி பஸ் எரிவாயுவில் ஓடுவது.
சிலிண்டருக்கு மூன்று சாண் தள்ளி
துருவேறி இறுகிப்போன ஒரு நட்டு.
டார்ச் வைத்துச் சுட்டால் கழன்றுவிடும் என்றான்
பக்கத்து கராஜ் ஒமாரி.
கழலும்தான்.
கூடவே பஸ்ஸும், கராஜும், ஒமாரியும்.

ஆக, தீயில்லாத சூடு வேண்டும்.
அப்படி ஒன்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே உண்டு:
நாங்கள் இருவரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை.

செத்த ஃப்ரிட்ஜின் முதுகிலிருந்து
செம்புக் குழாயை உரித்தெடுத்தேன்.
வெறுமனே வளைத்தால் நசுங்கும்.
வயிறு நிறைய உப்பைத் திணித்து
இருமல் மருந்துச் சீசாவின் மேல்
ஏழு சுற்று.
பிறகு வாய்வைத்து ஊதினேன்.
பாதி உப்பு எதிர்வீட்டுத் துணிகளில்,
மீதியைத் தண்ணீர் கரைத்தது.

எலியாவா சந்தையில் மாஸ்ஃபெட் நான்கு.
வேண்டியது இரண்டு,
சாவதற்கு இரண்டு.
யாருக்கு என்றார் கடைக்காரர்.
எனக்கு என்றேன்.
ஓ, வீட்டுக்காரருக்கா என்று
பொட்டலம் கட்டினார்.
செவிடன் காதில் சங்கு.

சர்க்யூட் சின்னது,
ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.
ஒன்று திறந்தால் மற்றதன் வாயை அடைக்கும்.
அது திறந்தால் இதன் வாயை.
நொடிக்கு லட்சம் தடவை
இந்தச் சண்டை ஓயாமல் நடந்தால்
சுருளுக்குள் வைத்த இரும்பு
யாரும் தொடாமலே பழுக்கும்.

எனக்கு இரவு வேலை, லெமனேட் தொழிற்சாலையில்.
அவனுக்குப் பகல், திபிலிசி சாலையில்.
காலை ஏழுக்கு வாசலில்
அவன் பூட்ஸ் மாட்டுவான், நான் கழற்றுவேன்.
பதினோரு வருடமாக
எங்கள் கட்டில் ஆறியதே இல்லை.

முதல் தடவை சப்ளையின் சுவிட்சைப் போட்டேன்.
அது ஒரு சோம்பேறி.
பூஜ்யத்திலிருந்து எழுந்து, கொட்டாவி விட்டு,
இரண்டு, மூன்று, நான்கு வோல்ட் என்று ஏறியது.
அந்தத் தயக்கத்தில் இரண்டு மாஸ்ஃபெட்டும்
அரைவாய் திறந்தபடி நின்றன.
நீயா நானா.
ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.
டப்.
மூன்று நாள் சமையலறையில்
கருகிய பிளாஸ்டிக் மணம்.
ரொட்டியில்கூட.

மறுவாரம் அதிகாலை மூன்று மணி,
மூடியில்லாத பாட்டில்கள் வரிசையாய்ப் போகையில்
தேநீர்க் கோப்பையோடு நின்றபோதுதான் உறைத்தது.
சப்ளை முதலில் முழுதாக எழுந்து நிற்கட்டும்.
நடுவில் தனியாக ஒரு சுவிட்ச்.
வருவதானால் ஒரேயடியாக வா,
இல்லையென்றால் வராதே.

(இதை யாரிடம் சொல்கிறேன் என்று
கோப்பையைக் கழுவும்போது யோசித்தேன்.)

மிச்சமிருந்த ஜோடியைப் பற்றவைத்து,
மீன் செத்தபின் சும்மா கிடந்த தொட்டிப் பம்பால்
குழாய்க்குள் தண்ணீர் ஓடவிட்டு,
ஓர் ஆணியை நீட்டினேன்.
கறுப்பு. கறுப்பு.
பின் நுனியில் மாதுளை.
சிவந்த இரும்பு காந்தத்தை மறந்ததும்
அதுவரை துடித்த மீட்டர் முள்
பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது.
அணைத்துவிட்டுச் செம்பைத் தொட்டேன்.
ஜில்லென்று இருந்தது,
தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல.

ஞாயிறு. பஸ்ஸுக்கு அடியில் இருவரும் மல்லாக்க.
அவன் கையில் ஸ்பானர், என் கையில் சுருள்.
போடவா என்றேன்.
சிலிண்டரை ஒருமுறை பார்த்துவிட்டு
போடு என்றான்.
பதினோரு வருடத்தில்
நான் சொன்னதை அவன் மறுகேள்வியின்றிக் கேட்டது
இதோடு இரண்டாவது.
முதலாவதைச் சொல்லமாட்டேன்.

நட்டு சிவந்தது.
கிரீச் என்று ஒரு கால் சுற்று,
பிறகு சும்மா விரலுக்கே வந்தது.
இடுக்கியால் பிடித்து வாளியில் போட்டான்.
சுர்ர்ர்.

நீ சிரித்தாய் என்கிறான் இன்றுவரை.
இல்லை,
அது தண்ணீர்.