பத்துப் பொருத்தம்

ஜாதகத்தில் புருஷனோடு ஏழுதான் பொருந்தியது.
மனையில் மூன்றடிக்காக
ஆறு வருஷம் பேசாத தம்பி தனவேலு
பத்துக்குப் பத்து.

கோரிமேட்டில் நாலு மணி நேரம்
மெஷினோடு கிடந்தான், ஃபோனைப் பார்த்தபடி.
பை நிறைந்ததும்
முதுநகர் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று போய்விட்டான்.

நாற்பதாம் நாள்
உள்ளங்கை சிவந்து அரித்தது.
"அவரோட செல்லு உங்க உடம்போட சண்டை போடுது"
என்றார் டாக்டரம்மா.
தெரிந்த சண்டைதான்.
"கொஞ்சம் இருக்கட்டும்மா,
ஒளிஞ்சிருக்கிற கேன்சரையும்
அதுதான் தேடித் தின்னும்."

ஓ பாசிட்டிவாக இருந்தவள்
இப்போது பி.
குரோமோசோம் ரிப்போர்ட்டில்
என் ரத்தம் ஆண்.
கையெழுத்து மட்டும்
இன்னும் செல்லப்பாப்பா.

ராத்திரியெல்லாம் சொறிகிறேன்.
பாவி தனவேலு, பாவி தனவேலு என்று
ஆறு வருஷத்துக்கப்புறம்
அவன் பேரை
வாய்விட்டுச் சொல்லித் திட்டுகிறேன்.