நாலு விரல்

பூசணத்துக்கும் பூத்தல் என்றுதான் சொல்கிறோம்.
டிசம்பரில், யீஷூனில், பத்தாவது மாடியில்
அலமாரிக்குப் பின்னால் பூத்திருந்தது.
முதலில் கண்டுபிடித்தது ஜெசிந்தாவின் இருமல்.
பிறகு என் கறுப்புக் காலணி,
பிறகு நர்சிங் சான்றிதழ் வைத்த தோலுறை.

வாட்ஸ்அப்பில் படம் பார்த்த வீட்டுக்காரர் சியா
மழைக்காலம்தானே என்றார்.
சனிக்கிழமை ஒரு டின் வெள்ளைப் பெயின்ட்டோடு வந்தார்.
மூன்று பூச்சு.
பொங்கலுக்குள்
யாரோ வருகைப் பதிவு எடுத்ததுபோல
ஒவ்வொரு புள்ளியாய் எழுந்து நின்றது.

அப்புறம் நாங்களே இறங்கினோம்.
வார்டிலிருந்து வந்த களைப்போடு
முகக்கவசம், கையுறை, வினிகர்,
ஒரு மணி நேரம் ஊறவிட்டுத்
துடைத்த துணியை முடிச்சுப்போட்டுக் குப்பைக் குழாயில்.
ஈரச் சீருடை இனி அறைக்குள் காயாது.
மூங்கில் கழியில்தான்,
மழை தட்டினால்
யாருக்கு ஓய்வு நாளோ அவள் ஓட வேண்டும்.
(இரண்டு முறை இருவருமே தூங்கிவிட்டோம்.)
ஜன்னல் ஒரு சாண் திறந்தே இருக்கும்.
அலமாரியை மூச்சுப்பிடித்து இழுத்து
சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம்.
அதற்குப் பிறகு வரவில்லை.

மே மாதம் காலி செய்த அன்று
சியா புது டின்னோடு வாசலில் நின்றார்.
நாளைக்கு யாரோ அறை பார்க்க வருகிறார்களாம்.
ஒரு நிமிஷம் என்று உள்ளே போனேன்.
பிரஷ் எட்டாத இடமாகத் தேடி
அலமாரியின் முதுகில் பென்சிலால் எழுதினேன்:
சுவரோடு ஒட்டாதே, நாலு விரல்.
வருகிறவளுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ.
பக்கத்தில் என் இடது கையை வைத்து
கட்டைவிரலை மடக்கி
மற்றதைச் சுற்றி வரைந்தேன்.