முதல் குழாய்

முதல் குழாய் கணக்கில் இல்லை.
ஊசியின் எஃகு தன்னில் கொஞ்சம் உதிர்க்குமாம்,
குரோமியம், நிக்கல், கண்ணுக்குத் தெரியாத அளவு.
அதனால் முதலில் வந்த ரத்தத்தை
வேறொரு குழாயில் பிடித்து
ஓரமாக வைத்துவிட்டாள் ஸோட்வா.
"இது உன்னுடையது இல்லை, ஊசியுடையது."
இரண்டாவதற்குக் கருநீல மூடி.
அதுதான் நான்.

சனிக்கிழமை காலை, டர்பனில்,
ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தனியார் ஆய்வுக்கூடம்.
மெடிக்கல் எய்டு கையை விரித்துவிட்டது.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது ராண்ட்,
மகனின் ரக்பி காலணிக்கென்று எடுத்து வைத்த பணம்.
'பரிசோதனைக்கான காரணம்' என்ற கட்டத்தில்
ஆர்வம் என்று எழுதினேன்.
பயம் என்பதும் சின்னச் சொல்தான், இடம் இருந்தது.
எழுதினால் உறுதியாகிவிடும் போலிருந்தது.

மெர்பேங்கில் எங்கள் தெருவில்
பதினேழாம் எண், இருபத்திரண்டு,
அப்புறம் எங்கள் வீடு.
அக்கா தயாநாயகிக்கு ரத்தத்திலேயே வந்தது,
நாற்பத்தாறு வயதில்.
சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு
இரவெல்லாம் படுக்கையறைச் சுவரில் ஆடும்.
காற்று திரும்பினால்
முதலில் கொடியிலிருந்து துணியை எடுப்போம்,
பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவோம்.
அப்படிப் பழகிவிட்டது.

பத்து நாள் கழித்துத் தாள் வந்தது.
செம்பு மேலே. துத்தநாகம் கீழே.
ஒன்றை மற்றதால் வகுத்துத் தடித்த எழுத்தில் ஓர் எண்.
செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை;
அப்படியானால் என் நரம்பில் ஓடுவது
யாரோ கலவை தப்பிய பித்தளை.
நாலு வரி தள்ளி ஈயமும் இருந்தது.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை:
அத்தானைச் சீண்ட அக்கா சொல்வாள்.
எனக்குள்ளேயே நடக்கிறது அந்த இளிப்பு.
செலீனியம், நிலாவின் பெயராம், குறைவு.
காட்மியம், இயல்பு வரம்புக்குள்.
கடைசி வரியில், ஆபத்து: நடுத்தரம்.

நடுத்தரம் என்றால்?
மழை வரலாம், வராமலும் போகலாம்,
எதற்கும் குடை எடுத்துப் போ என்பதா?
கடன் கேட்டுப் போன இடத்தில்
உதட்டைப் பிதுக்குவார்களே, அதுவா?
டாக்டர் படையாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"புற்று இருக்கிறது என்று இது சொல்லாது.
இல்லை என்றும் சொல்லாது.
மேமோகிராம் எடுத்து எத்தனை வருஷம்?"
ஐந்து.
வரிசை நீளம் என்று போகாமலே இருந்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

டாக்சி நிறுத்தத்தில் ஸோட்வா,
சுட்ட சோளம் கடித்துக்கொண்டு.
தாளைக் காட்டினேன்.
சோளக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக்
காட்மியத்தின் மேல் விரல் வைத்தாள்.
"இந்த வரம்பு யாருடைய ரத்தம், தெரியுமா?
கருவி வந்த வருஷம்
ஆரோக்கியமானவர்கள் நூற்றிருபது பேர் வேண்டும் என்றார்கள்.
காவலாளி, கூட்டுகிறவர், நான், என் தங்கை.
ஆளுக்கு ஒரு பழச்சாறு கொடுத்தார்கள்."
அவள் வீடு லாமண்ட்வில்,
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம்.
அதே தீநாக்கு
அவள் சுவரில் இடவலம் மாறி ஆடும்.

நல்லது. நான் இயல்பு.
ஸோட்வா எவ்வளவு இயல்போ, அவ்வளவு.
தங்கை இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்க
வாயெடுத்தேன்,
டாக்சி வந்துவிட்டது.

இரவு பிரேசில் கொட்டை இரண்டு மென்றேன்,
சோப்புக்கட்டி ருசி.
மேமோகிராம் வியாழக்கிழமை ஏழு மணிக்கு,
ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
ஊசி தந்ததை ஊசிக்கே கழித்துவிட்டு
மிச்சத்தை என் பெயரில் எழுதினார்கள்.
ஆலை தந்ததைக் கழிக்க
எந்தக் குழாயும் ஒதுக்கவில்லை.

காற்று திரும்புகிறது.
எழுந்தேன்.
முதலில் மகன் அறை ஜன்னல்.
துணி கிடக்கட்டும்.