ஒன்பதாம் வளைவு வரை

நேற்று ராத்திரி அம்மாவுக்குப்
பறக்கும் சக்தி போய்விட்டது.
ஏற்காடு முதல் பஸ்ஸில் அதுதான் பேச்சு.

"மூத்தவன்தான் காரணம்,"
சில்லறையை எண்ணாமல் நீட்டினான் கண்டக்டர் மாதேசன்.
"அவனா? தங்கச்சியைப் பிடிக்கத்தானே கையை விட்டான்!"
எஸ்டேட் ஆஸ்பத்திரி பெர்னதெத்
டிபன் மூடியால் கம்பியைத் தட்டினாள்.

அப்பா ஏன் சும்மா நின்றார்?
அதில் ஒன்பதாம் வளைவு வரை சண்டை.
சுவரை ஊடுருவிப் பார்க்கிற மனுஷன்,
பக்கத்தில் அழுகிறவளைப் பார்க்கவில்லையாம்.
"எழுதினவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கும்"
என்றார், மடியில் முட்டைத் தட்டோடு இருந்தவர்.

பதினாலில் எதிரே லாரி.
பஸ் பின்னால் நகர, எல்லோரும் ஊமை.
கீழே சேலம்,
விளக்கணைக்க மறந்த வீடு மாதிரி.

டிரைவர் சித்தேஸ்வரன் கண்ணாடியைப் பார்த்தபடி,
"அடுத்த வாரம் அவ நடந்தே போவா பாருங்க."

"நடக்கத்தான் நாங்க இருக்கோம்ல,"
என்றாள் பெர்னதெத்,
"அவ பறக்கட்டும்."

லாரி எப்போதோ போய்விட்டது.
மாதேசன் விசிலை மறந்திருந்தான்.